ஒர்க் பெஞ்ச் மேல்பலகை: கடலோர வீட்டுக்குத் தேக்கா, கிரானைட்டா, பிளைவுட்டா?

கீறல் விழுந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் பெஞ்சில் யாரும் வேலை கற்றுக்கொள்வதில்லை. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியில் வீட்டிலேயே சின்னப் பட்டறை போட நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயங்கள் இவை.

சனிக்கிழமை காலை. சிறுசேரியிலோ மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலோ வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், கார் ஷெட்டின் மூலையில் சின்னதாக ஒரு பட்டறை போட ஆசைப்படுகிறார். டிரில்லிங் மிஷின் வாங்கியாச்சு. ரம்பம், உளி, ஸ்பேனர் செட் எல்லாம் வந்தாச்சு. வைத்து வேலை செய்ய ஒரு பெஞ்ச் மட்டும்தான் பாக்கி.

மரவாடிக்குப் போனால், "தேக்கு போட்டுடுங்க சார், பேரன் காலம் வரைக்கும் இருக்கும்" என்கிறார்கள். கிரானைட் கடையில், "கல்லு மாதிரி வருமா? துடைச்சா போச்சு" என்கிறார்கள். வெல்டிங் பட்டறையில், "அஞ்சு எம்எம் தகடு போட்டுத் தர்றேன், யானை ஏறினாலும் அசையாது" என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் மூன்று பேருமே தங்களிடம் இருக்கும் பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெஞ்சில் என்ன வேலை நடக்கப் போகிறது, பெஞ்ச் நிற்கும் இடத்தில் காற்று எப்படி என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை.

பதில் அந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. சட்டமும் கால்களும் பல வருஷம் நிற்கட்டும். ஆனால் மேற்பரப்பு தேய்ந்து, குத்துப்பட்டு, கறைபட்டு, ஒருநாள் கழற்றி எறியப்பட வேண்டிய பொருள். அதை நகை மாதிரி வாங்குவதுதான் வீட்டுப் பட்டறைக்காரர்கள் செய்யும் முதல் தப்பு.

சிற்பிகளிடம் பெஞ்ச் எங்கே?

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலையில் நடந்தால் உளிச் சத்தமும் கிரைண்டர் சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இந்த ஊர்க் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் முழுக்கப் போகும் சிலைகள் செதுக்கப்படும் அந்தக் கூடங்களில், யூடியூப் வீடியோக்களில் வருகிற மாதிரி பளபளப்பான ஒரு ஒர்க் பெஞ்சைத் தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். கல் பெரும்பாலும் தரையிலேயே கிடக்கும். அடியில் மணல், மரக்கட்டை, சாக்கு என்று ஏதாவது ஒரு மெத்தை. சிற்பி பக்கத்தில் உட்கார்ந்து உளியைப் பிடிக்கிறார்.

இது வசதிக் குறைவால் வந்த பழக்கம் என்று நினைத்தால் தப்பு. கெட்டியான பரப்பின் மேல் கெட்டியான கல்லை வைத்து அடித்தால் அடி திரும்பி வரும், கல் துள்ளும், விளிம்பு சிதறும். மணல் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், கல்லின் எந்த வளைவுக்கும் இடம் கொடுக்கும். மணல் நசுங்கிப் போச்சே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. நசுங்குவதுதான் அதன் வேலை.

நம் ஊர்த் தச்சர்களும் பல தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்து, காலால் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் இழைத்தார்கள். கொல்லர் பட்டறையில் இரும்பு அடைகல்லைக்கூட ஒரு பெரிய மரக்கட்டையில்தான் பதித்தார்கள். ஒவ்வொரு தொழிலும் தனக்குத் தேவையான பரப்பைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. மாமல்லபுரத்தில் 1957-ல் பயிற்சி மையமாகத் தொடங்கி இன்று கல்லூரியாக இருக்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கல், மரம், உலோகம், சுதை என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பொருள் மாறினால் கருவி மாறும். கருவி மாறினால் அதைத் தாங்கும் பரப்பும் மாறத்தானே வேண்டும்?

இதிலிருந்து ஒரு எளிய விதியை எடுத்துக்கொள்ளலாம். பெஞ்சின் பரப்பு, அதன் மேல் வைக்கும் பொருளைவிட மென்மையாக இருக்க வேண்டும். சண்டை வந்தால் தோற்க வேண்டியது பெஞ்ச். கையில் இருக்கும் வேலைக்கு அடிபடக் கூடாது.

முதல் எதிரி உப்புக்காற்று

செங்கல்பட்டு நகரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரே மாவட்டம்தான். ஆனால் பட்டறைக்காரருக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். கடல் உப்பின் பெரும்பகுதி கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரிலேயே படிந்துவிடும். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். கோவளத்திலோ, மாமல்லபுரத்திலோ, சதுரங்கப்பட்டினத்திலோ கடலைப் பார்த்த மாதிரி வீடு இருப்பவருக்குப் பொருந்தும் கணக்கு, கொளவாய் ஏரிப் பக்கம் இருப்பவருக்குப் பொருந்தாது.

உப்பு ஏன் இவ்வளவு தொல்லை? மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எல்லாரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடலோரத்தில் இரவும் அதிகாலையும் அந்த அளவைத் தாண்டுவது ரொம்ப சாதாரணம். அதாவது, ஒரு சொட்டு மழை இல்லாமலேயே இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் உருவாகும். காலையில் பெஞ்சில் வைத்துவிட்டுப் போன உளியை மறுவாரம் எடுத்தால் பழுப்பாகப் பொரிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இரும்பு மட்டும் இல்லை, கல்லும் தப்பவில்லை. எட்டாம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் கடல் பக்கச் சிற்பங்கள் மழுங்கிப் போனதில் உப்புக்காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. காற்றையும் மணலையும் தடுக்கச் சுற்றிலும் சவுக்கு மரங்கள் நட்டார்கள். அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, உள்ளே ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கும் வேலையையும் தொல்லியல் துறை செய்திருக்கிறது. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால் ஐந்து மி.மீ. இரும்புத் தகடு எந்த மூலைக்கு?

அதனால் கடலோர வீட்டில் முழுப் பெஞ்சுக்கும் சாதா இரும்புத் தகடு போடுவது, வாராவாரம் எண்ணெய் தடவும் வேலையைச் சம்பளம் இல்லாமல் ஏற்றுக்கொள்வதற்குச் சமம். "அப்போ ஸ்டெயின்லெஸ் போட்டுக்கலாமே?" என்று கேட்கலாம். மலிவாகக் கிடைக்கும் 202 ரகம் கடலோரத்தில் சீக்கிரமே துருப் புள்ளி விடும். 304-லும் பழுப்புக் கறை வரும். உப்பைத் தாங்கும் 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், விலையும் அதற்கேற்ப எகிறும். வாரம் நாலு மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு அது தேவையே இல்லை.

இரும்புக்கு இடமே இல்லையா? உண்டு. வெல்டிங் செய்பவருக்கும் சூடான வேலை செய்பவருக்கும் தகடுதான் வேண்டும். ஆனால் அதற்கு இரண்டடிக்கு இரண்டடி துண்டு ஒன்று போதும். காயலான் கடையில் எடை போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி நிறுத்தி வைத்துவிடலாம். செங்கல்பட்டு, மறைமலை நகர் மாதிரி உள்பகுதியில் இருப்பவர்கள் இதில் இன்னும் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

மாமல்லபுரத்தில் கல்லுக்கா பஞ்சம்?

பஞ்சம் இல்லைதான். வீடு கட்டி மிஞ்சிய கிரானைட் துண்டோ கடப்பாக் கல்லோ பல வீடுகளில் சும்மாவே கிடக்கும். துரு பிடிக்காது, கரையான் அரிக்காது, துடைத்தால் சுத்தம். சமையல் மேடைக்கு அருமையான பொருள். அதனாலேயே பட்டறைக்கும் சரியாக வரும் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் பலகை சுமார் 40 கிலோ இருக்கும். மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும், வாடகை வீடு மாறும்போது மறுபடியும் இரண்டு பேர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சுத்தியல் கை தவறி ஒரு ஓரத்தில் விழுந்தால் கல் விண்டு போகும். உளி நுனி பட்டால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, உளி மழுங்கும். கீழே விழும் டிரில் பிட்டும் அப்படித்தான். கிளாம்ப் போட ஒரு துளை வேண்டும் என்றால் அதற்குத் தனி பிட், தனி ஆள். கடப்பாக் கல் சுண்ணாம்பு வகை என்பதால் ஆசிட் பட்டால் அரித்துத் தடம் விழும்.

தொழிற்சாலைகளில் கிரானைட்டை அளவு பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டாக வைத்திருப்பதை மறைமலை நகர்ப் பக்கம் வேலை பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். அது துருப்பிடிக்காது, வளையாது என்பதற்காகத்தான். ஆனால் அதன் மேல் யாரும் சுத்தியலை வீசுவதில்லை, பல இடங்களில் டீ டம்ளர்கூட வைக்க விட மாட்டார்கள். கல் அளப்பதற்கும் உளி தீட்டும் உப்புத்தாளை விரிப்பதற்கும் நல்லது. அதற்கு ஒரு அடி சதுரத் துண்டு போதும்.

தேக்கு நல்ல மரம்தான், ஆனால்...

மரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. மரம் மூச்சு விடும். காற்றில் ஈரம் ஏறினால் அகலத்தில் உப்பும், ஈரம் இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. கத்திரி வெயிலில் உள்ளூர் மரவாடியில் காய்ந்து கிடந்த பலகை, ஐப்பசி மழையில் கடலோர ஷெட்டில் வேறு அளவில் இருக்கும்.

தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும். அதனால்தான் கப்பலுக்கும் கதவுக்கும் அதைத் தேடினார்கள். அப்படியும் இரண்டடி அகலத் தேக்குப் பலகையில் கோடைக்கும் மழைக்கும் நடுவில் ஏறத்தாழ 4 மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். இரண்டு பக்கமும் அசையாமல் திருகாணி போட்டு இறுக்கினால் பலகை எங்கேயாவது பிளந்துகொண்டுதான் மூச்சு விடும். திருகாணி போகும் துளையை நீள்வட்டமாகப் போட்டு மரம் நகர இடம் விட வேண்டும். இது தெரிந்த தச்சர் கிடைத்தால் நல்ல மரப்பலகை பல வருஷம் வரும்.

ஆனால் கேள்வி அது இல்லை. நல்ல தேக்குப் பலகை வாங்கிய புதுப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? முதல் நாளே பாலிஷ் போடுவார். மறுநாள் பெயின்ட் சிந்துமோ என்று பேப்பர் விரிப்பார். துளை போடும்போது அடியில் இன்னொரு கட்டை வைப்பார். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டுவார். ஒரு மாதத்தில் பெஞ்ச் பூச்செடி ஸ்டாண்டாக மாறிவிடும். பட்ஜெட்டில் பாதியைப் பலகை தின்றுவிட்டதால், உண்மையில் வேலையை மாற்றக்கூடிய ஒரு நல்ல வைஸ் வாங்கப் பணம் இருக்காது.

மரம்தான் வேண்டும் என்பவர்கள் கறிக்கடையைப் பார்க்கலாம். நாள் முழுக்க வெட்டுக்கத்தி விழும் அந்த அடிக்கட்டை நம் ஊரில் பெரும்பாலும் புளியமரம். குறுக்கே அறுத்த புளியங்கட்டையில் கத்தி இறங்கினால் நார் விலகிக் கொடுத்து மறுபடி மூடிக்கொள்ளும். கத்தியும் சீக்கிரம் மழுங்காது. ஒரு அடி அகலப் புளியங்கட்டை ஒன்று பெஞ்ச் பக்கத்தில் இருந்தால் உளியால் கொத்தும் வேலை, சுத்தியல் வேலை எல்லாவற்றையும் அதில் முடித்துக்கொள்ளலாம். முழுப் பெஞ்சும் அந்த அடியைத் தாங்க வேண்டியதில்லை.

பிளைவுட்: எண்ணைப் பார்த்து வாங்கணும்

பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டுகிறார்கள். ஒரு தாள் நகரப் பார்த்தால் அடுத்த தாள் பிடித்துக்கொள்ளும். அதனால் மழைக்கும் வெயிலுக்கும் அது பெரிதாக அளவு மாறாது. கடலோரத்துக்கு இதுதான் பெரிய பலம். பலவீனம் பசையில் இருக்கிறது. பசை விட்டால் எல்லாம் போச்சு.

கடையில் கேட்க வேண்டிய எண்கள் இரண்டு. ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக பிளைவுட். இதில் எம்.ஆர். ரகம் லேசான ஈரத்துக்கு மட்டும், பி.டபிள்யூ.ஆர். ரகம் அதைவிட மேல். ஐ.எஸ். 710 என்பது மெரைன் பிளைவுட், பி.டபிள்யூ.பி. ரகம். இதன் ஒட்டு, கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்த பிறகும் பிரியக் கூடாது. கடலோர பெஞ்சின் அடிப்படைப் பலகைக்கு 710 சரியான தேர்வு. உள்பகுதியில் மழை படாத அறைக்கு பி.டபிள்யூ.ஆர். போதும்.

"710 மாதிரிதான் சார் இதுவும்" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு உரிமம் என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

வேறு சில தேர்வுகள்:

• எம்.டி.எஃப்.: வழவழப்பானது, மலிவு. ஆனால் விளிம்பில் தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதும், திரும்பச் சுருங்காது. கடலோரத்தில் வேண்டாம். ஏசி அறையில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஓகே.

• சென்ட்ரிங் பிளைவுட்: கான்கிரீட் போடப் பயன்படும், பழுப்பு நிறப் படலம் ஒட்டிய ஷீட். தண்ணீர், பெயின்ட், பசை எதுவும் சுலபத்தில் ஒட்டாது. சைக்கிள், மோட்டார் வேலை செய்பவர்களுக்கு அற்புதம். மர வேலைக்கு வழுக்கும். அறுத்த விளிம்புகளைப் பெயின்ட் அடித்து மூட வேண்டும்.

• பழைய ஃப்ளஷ் கதவு: இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தட்டிப் பார்த்து உள்ளே கட்டை நிரம்பிய சத்தம் வந்தால் வாங்கலாம். 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் வேண்டாம்.

• சன்மைக்கா ஒட்டிய பலகை: துடைக்க எளிது. ஒருமுறை உடைந்தால் ஓரம் கையைக் கிழிக்கும், கழற்றி மாற்றுவது பெரிய வேலை.

அப்போ எப்படிச் செய்யலாம்?

பெஞ்சை உடம்பு, தோல் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

உடம்பு: பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. 19 மி.மீ. கனத்தில் ஒரே ஒரு 710 ஷீட்டை நாலடிக்கு இரண்டடியாக அறுத்தால் நான்கு துண்டுகள் கிடைக்கும். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வாட்டர்ப்ரூஃப் பசை போட்டு ஒட்டி, அடியிலிருந்து திருகாணி போட்டால் 38 மி.மீ. கனத்தில் உறுதியான பலகை. கிரானைட்டைவிட எடை குறைவு. மூன்றாவது துண்டு கீழ்த்தட்டு. நான்காவது துண்டை எதற்கென்று கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம். மேல்புறம் மட்டும் பூச்சு அடித்துவிட்டு அடிப்புறத்தை விட்டுவிடுவது பலர் செய்யும் தப்பு. ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காவிட்டால் பலகை வளையும். ஆறு பக்கமும் அடிக்க வேண்டும், விளிம்புக்கு இரண்டு தடவை.

தோல்: 6 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் வாங்கினால் இதே அளவில் நான்கு தோல்கள். ஒன்றை மேலே போட்டு, ஒட்டாமல், பித்தளைத் திருகாணியால் ஓரங்களிலும் நடுவில் சில இடங்களிலும் பிடிக்க வைக்க வேண்டும். திருகாணித் தலை பரப்புக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் உளியும் இழைப்புளியும் அதில் மோதாது. இரும்புத் திருகாணி போட்டால் அடுத்த முறை கழற்றும்போது தலை துருவில் கரைந்திருக்கும். மீதி மூன்று தோல்கள் காய்ந்த இடத்தில் படுத்திருக்கட்டும். ஒரு தோல் ஒரு வருஷமும் வரலாம், மூன்று வருஷமும் வரலாம். கிழிந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததைப் போட அரை மணி நேரம் போதும்.

வேலைப் பலகைகள்: அந்த நான்காவது துண்டு இதற்குத்தான். அதை ஒரு அடி, ஒன்றரை அடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பலகை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் ரப்பர் ஷீட் ஒட்டினால் மிக்ஸி, ஃபேன் ரிப்பேருக்கு. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஆன்டி ஸ்டாடிக் மேட் ஒட்டிய ஒன்று. பெயின்டுக்கும் பசைக்கும் ஒன்று. அடியில் ஒரு பட்டை ஆணி அடித்தால் பெஞ்ச் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், நகராது. மாமல்லபுரம் சிற்பியின் மணலையும் சாக்கையும் போலத்தான் இதுவும். வேலைக்குத் தகுந்த மெத்தையைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம்.

பெஞ்ச் உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: இழைக்கும் வேலைக்கு, நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம். சாலிடரிங் மாதிரி நுணுக்க வேலைக்கு முழங்கை உயரம்.

தண்ணீர் கீழிருந்தும் வரும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தாம்பரம் பக்கம் முடிச்சூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது மறந்திருக்காது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இந்த மாவட்டத்தில் தரைத்தளத்தில் பட்டறை போடுபவர் மேல்பலகையைப் பற்றி யோசிக்கும் அளவுக்குக் கால்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

மரக்காலைத் தரையில் நேராக நிறுத்தினால் குறுக்கு வெட்டு வழியாகத் தண்ணீர் மேலே ஏறும், கரையானும் அதே வழியில் ஏறும். காலடியில் கிரானைட் துண்டோ கெட்டி ரப்பரோ வைக்கலாம். மிஞ்சிய கிரானைட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ரப்பர் என்றால் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தமும் குறையும். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வைத்தால் மோட்டார் உள்ள கருவிகள் சின்ன வெள்ளத்தில் தப்பிக்கும். மேல்பலகையை நான்கு போல்ட்டில் கழற்றும்படி செய்தால் புயல் எச்சரிக்கை வந்ததும் மாடிக்கு எடுத்துப் போய்விடலாம். கிரானைட்டையோ இரும்புத் தகட்டையோ அப்படித் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

வீட்டுக்குள் என்பதை மறக்கக் கூடாது

பட்டறை வீட்டோடு இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அதனால் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, பலகைக்கு லின்சீட் ஆயில் பூசுபவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

இரண்டாவது, கிரானைட்டை வீட்டு பெஞ்சில் வைத்துக் காய்ந்த நிலையில் கிரைண்டரால் அறுக்கவே கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் படிக சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும். வந்தால் முழுமையாகக் குணப்படுத்த வழி இல்லை. கல் அறுக்கக் கடையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, மர பெஞ்சின் மேல் வெல்டிங் பொறி விழக் கூடாது, லித்தியம் பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் போடவும் கூடாது. இரண்டுக்கும் அந்தக் காயலான் கடைத் தகடு இருக்கிறது.

"ஒரே தடவை நல்லதா வாங்கிடலாமே?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மலிவாக வாங்கித் தூக்கிப் போடும் பழக்கத்துக்கு எதிராகத்தான் பலர் பட்டறையே போடுகிறார்கள். மர வேலையையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவருக்குக் கெட்டியான மர பெஞ்ச் சரியான முதலீடு. அவருக்கு மரத்தின் அசைவு தெரியும், வருஷம் ஒருமுறை இழைத்துச் சமப்படுத்தவும் தெரியும். கீறலைப் பார்த்து அவர் பதற மாட்டார். கடலிலிருந்து தள்ளி, காய்ந்த அறை இருப்பவருக்கும் தேர்வுகள் அதிகம்.

ஆனால் முதல் பெஞ்ச் போடுபவருக்குத் தன் வேலை என்னவென்றே இன்னும் தெரியாது. மர வேலை என்று தொடங்கியவர் ஆறு மாதத்தில் சைக்கிள் ரிப்பேருக்குத் தாவலாம், சைக்கிளிலிருந்து ஸ்பீக்கர் செய்வதற்கும் போகலாம். தெரியாத வேலைக்கு நிரந்தரப் பரப்பை வாங்குவது, பாதம் வளரும் வயதுப் பிள்ளைக்கு விலை உயர்ந்த ஷூ வாங்குவது மாதிரி. தோலை மாற்றும் பெஞ்சில் தூக்கிப் போடும் பகுதியும் குறைவு. 44 மி.மீ. கனத்தில் 6 மி.மீ. மட்டும்தான் போகிறது. அதுவும் பெட்டியாகவோ டிராயர் அடிப்பலகையாகவோ மறுபிறவி எடுக்கும்.

புதிதாகக் கற்பவர் ஆணியைத் தப்பாக அடிப்பார், ரம்பத்தை ஆழமாக இறக்குவார், டிரில்லை பெஞ்ச் வரைக்கும் செலுத்திவிடுவார். அந்தத் தப்புகள் எங்கேயாவது விழத்தான் வேண்டும். அவை ஆறு மி.மீ. பலகையில் விழுந்தால் மனசும் பர்ஸும் தப்பிக்கும், அடுத்த வாரமும் அவர் பெஞ்சுக்கு வருவார். விலை உயர்ந்த பலகையில் விழுந்தால், பல பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

இந்த சனிக்கிழமை கடைக்குப் போகிறவர் மரவாடி, கிரானைட் கடை, வெல்டிங் பட்டறை மூன்றையும் தாராளமாகப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது வண்டியில் 19 மி.மீ. ஷீட் ஒன்று, 6 மி.மீ. ஷீட் ஒன்று, கொஞ்சம் பித்தளைத் திருகாணி இருந்தால் போதும். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல வைஸ் வாங்கலாம். பெஞ்ச் முடிந்ததும் முதல் வேலையாக, நடுவில் ஒரு கீறலைத் தானே போட்டுவிடலாம். அதுக்கப்புறம் பயம் இருக்காது.